கேட்டு வாங்கிய அரசு: திரேசிய மன்னர்கள் ஆண்ட விதம்

இந்தியருக்கு அடுத்தபடியாக உலகில் அதிக மக்கள்தொகை கொண்டவர்கள் திரேசியர்களே என்று கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதினார். ஒரே தலைவனின் கீழ் வந்தாலோ, ஒருமனப்பட்டாலோ அவர்களை வெல்ல ஆளிருக்காது. ஆனால் அது ஒருநாளும் நடக்காது, அதனால்தான் அவர்கள் பலவீனர்களாக இருக்கிறார்கள் என்பது அவருடைய தீர்ப்பு. மக்கள்தொகைக் கணக்கு மிகை. தீர்ப்பைத்தான் கவனிக்க வேண்டும். ஏனென்றால், அவர் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஒரு திரேசியக் குடும்பம் அந்த நடக்காத காரியத்தை முக்கால்வாசி நடத்திக் காட்டியிருந்தது.

அந்தக் குடும்பம் ஓட்ரீசியர் குலத்தைச் சேர்ந்தது. இன்றைய பல்கேரியா, கிரேக்கத்தின் வடகிழக்கு மூலை, துருக்கியின் ஐரோப்பியப் பகுதி ஆகியவை சேர்ந்த நிலப்பரப்பே பண்டைய திரேஸ். கி.மு. 513 வாக்கில் பாரசீகப் பேரரசர் டேரியஸ் இந்த வழியாகத்தான் சித்தியர் மீது படையெடுத்துப் போனார். கடற்கரையில் டோரிஸ்கஸ் போன்ற கோட்டைகளில் பாரசீகக் காவற்படை சில பத்தாண்டுகள் இருந்தது. கி.மு. 479-இல் பாரசீகர் தோற்றுப் பின்வாங்கியதும் உண்டான வெற்றிடத்தை நிரப்பியவர் தெரஸ் என்ற ஓட்ரீசியத் தலைவர். அவர் மகன் சிட்டால்கஸ் காலத்தில் ஆட்சி தெற்கே ஈஜியன் கடலோர அப்தேராவிலிருந்து வடக்கே டான்யூப் முகத்துவாரம் வரை பரவியிருந்தது. வணிகக் கப்பல் காற்று சாதகமாக இருந்தால் நான்கு பகல் நான்கு இரவில் கடக்கும் கடற்கரை அது. திடமான ஆள் நடந்தால் பதினோரு நாள். இந்த அளவையைத் தருபவர் ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். அவர் குடும்பத்துக்குத் திரேஸில் பொன்சுரங்க உரிமை இருந்தது. அந்த நாட்டைப் பற்றி அவர் சொல்வதற்குத் தனி மதிப்பு உண்டு.

இதை ஓர் அரசு என்று சொல்லலாமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் நெடுநாள் வழக்கு. பல்கேரியாவில் 1972-இல் திரேசியவியல் நிறுவனத்தைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஃபோல் போன்றவர்கள், மன்னனே பூசாரியாகவும் இருந்த, சமய அடித்தளம் கொண்ட ஒரு மைய அரசை அங்கே கண்டார்கள். மேற்கில் பலர் அதைக் கொள்ளைக்காரத் தலைவர்களின் தளர்ந்த கூட்டணியாகவே பார்த்தார்கள். ஸோஃபியா ஆர்ச்சிபால்டு 1998-இல் வெளியிட்ட ஓட்ரீசிய அரசு பற்றிய நூல், அகழாய்வுச் சான்றுகளைப் பெருமளவில் சேர்த்துப் பார்த்து, கிரேக்க நூல்களின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இந்த அரசைக் காண வைத்தது. எனக்கு இரண்டு தரப்பும் கேள்வியைத் தவறான முனையில் பிடித்திருப்பதாகவே படுகிறது. அரசா இல்லையா என்பதைவிட, யாரிடமிருந்து எதை, எந்த முறையில் வாங்கினார்கள் என்று கேட்டால் விடை தெளிவாக வருகிறது.

துசிடிடீஸ் தரும் கணக்கு இது. சிட்டால்கஸுக்குப் பின் வந்த முதலாம் செயுதஸ் காலத்தில், அடங்கிய குலங்களும் கிரேக்க நகரங்களும் கட்டிய திறை, பொன்னும் வெள்ளியுமாக ஆண்டுக்கு சுமார் 400 தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 26 கிலோ வெள்ளி. ஏதென்ஸ் தன் கூட்டணி நாடுகளிடமிருந்து பெலோபொனேசியப் போர்த் தொடக்கத்தில் வாங்கியது 600 தாலந்து என்று அதே ஆசிரியர் சொல்வதைப் பக்கத்தில் வைத்தால், திரேசிய மன்னனை வெறும் குலத்தலைவன் என்று தள்ள முடியாது. ஆனால் உண்மையான செய்தி அடுத்த வரியில் இருக்கிறது. திறைக்குச் சமமான மதிப்பில் பொன், வெள்ளிக் காணிக்கைகளும், பூவேலை செய்ததும் செய்யாததுமான துணிகளும் தனியே வந்தன. மன்னனுக்கு மட்டுமல்ல, அவனோடு சேர்ந்து ஆண்ட குறுநிலத் தலைவர்களுக்கும் பிரபுக்களுக்கும் வந்தன. பாரசீக அரசர்கள் கொடுப்பதைப் பெருமையாக நினைத்தார்கள்; திரேசியர்கள் வாங்குவதைப் பெருமையாக நினைத்தார்கள். கேட்டுக் கிடைக்காமல் போவதைவிட, கேட்டவனுக்குக் கொடுக்காமல் இருப்பதே அங்கே பெரிய மானக்கேடு. காணிக்கை இல்லாமல் எந்தக் காரியமும் நடக்காது.

இதை லஞ்சம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் லஞ்சம் என்றால் அதற்கு வெளியே ஒரு நேர்மையான அலுவலகம் இருக்க வேண்டும். இங்கே அலுவலகமே இதுதான். எழுத்தர்களோ நிலவரிப் பதிவேடுகளோ இங்கு இருந்ததற்குத் தடயமில்லை. ஒரு குலத்தலைவன் ஆண்டுதோறும் காணிக்கையோடு வந்து நின்றான் என்றால் அவன் இன்னும் நம் ஆள். வராமல் இருந்தான் என்றால் கலகம். வரிக்கணக்கும் விசுவாசக் கணக்கும் ஒரே ஏட்டில் போய்க்கொண்டிருந்தன.

மேல்மட்டத்தில் ஆட்சியைத் தாங்கியது இரத்த உறவும் திருமண உறவும். தெரஸின் மகள் ஒருத்தி சித்திய மன்னன் அரியபெய்தஸுக்கு மனைவி. அவள் வயிற்றில் பிறந்த ஆக்டமாசதஸ் பின்னாளில் டான்யூப் கரையில் சிட்டால்கஸோடு படைகொண்டு எதிர்நின்றபோது, தாய்மாமனும் மருமகனும் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும் என்று சிட்டால்கஸ் தூது அனுப்பினார். தன்னிடம் அடைக்கலம் வந்திருந்த, பதவியிழந்த சித்திய மன்னன் ஸ்கைலஸைக் கொடுத்தார். சித்தியரிடம் அடைக்கலம் போயிருந்த தன் சகோதரனை வாங்கிக்கொண்டார். ஸ்கைலஸின் தலை அங்கேயே விழுந்தது. மன்னனின் சகோதரன் பகைநாட்டில் போய் ஒளிய வேண்டியிருந்தது என்பதிலேயே உறவால் ஆளும் முறையின் மறுபக்கம் தெரிகிறது. கி.மு. 429 குளிர்காலத்தில் சிட்டால்கஸ் 1,50,000 பேர் என்று சொல்லப்பட்ட படையோடு மக்கெதோனியாவுக்குள் புகுந்தார். முப்பது நாளில் திரும்பிவிட்டார். குளிரும் உணவுத் தட்டுப்பாடும் காரணம்தான். கூடவே, மக்கெதோனிய மன்னன் பெர்டிக்காஸ் தன் தங்கை ஸ்ட்ராட்டோனிஸைச் சீதனத்தோடு தருவதாக, சிட்டால்கஸின் சகோதரன் மகனான செயுதஸிடம் இரகசியமாகப் பேசி முடித்திருந்தார். உலகையே நடுங்க வைத்த படையெடுப்பு ஒரு கல்யாணப் பேச்சில் முடிந்தது.

அந்தப் படையின் பட்டியலும் ஒன்றைச் சொல்கிறது. ஹீமஸ் மலைக்கு அப்பாலிருந்த கெட்டேக் குதிரை வில்லாளிகள் மன்னனின் அழைப்புக்குக் கட்டுப்பட்டு வந்தவர்கள். ரோடோபி மலையின் வாள்வீரர்களான டீயர்களோ யாருக்கும் அடங்காதவர்கள். சிலர் கூலிக்கும் சிலர் தாமாகவும் வந்தார்கள். தொலைவிலிருந்த டான்யூப் சமவெளி அடங்கியிருந்தது, அரண்மனையிலிருந்து கண்ணுக்குத் தெரிந்த மலை அடங்கவில்லை. நிலப்படத்தில் ஒரே வண்ணம் பூசிப் பார்க்கிற நம் பழக்கம் திரேஸுக்குப் பொருந்தாது.

ஆட்சியை மிக அருகிலிருந்து பார்த்த சாட்சி ஏதென்ஸ் எழுத்தாளர் செனோபோன். கி.மு. 400-இன் குளிர்காலத்தில், பாரசீகத்திலிருந்து தப்பி வந்த கிரேக்கக் கூலிப்படையோடு அவர் இரண்டாம் செயுதஸிடம் வேலைக்குச் சேர்ந்தார். இந்தச் செயுதஸின் தந்தை மேசதஸ், மர்மரா கடலோரத்தில் மெலாண்டிட்டர், தீனியர், டிரானிப்சர் என்ற மூன்று குலங்களை ஆண்டவர். ஓட்ரீசியர் ஆட்சி தளர்ந்தபோது விரட்டப்பட்டு, நோயில் இறந்தார். அநாதைப் பிள்ளையை மேலரசர் மெடோக்கஸ் வளர்த்தார். அடுத்தவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பார்த்துக்கொண்டே வாழப் பிடிக்காமல், வாலிபனானதும் ஆட்களும் குதிரைகளும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, தன் தந்தையின் நாட்டையே கொள்ளையடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். இரவில் ஒரு கோபுரத்தில் தங்குவார்; சுற்றிலும் கடிவாளம் பூட்டிய குதிரைகள் தயாராக நிற்கும். யாருக்குப் பயந்து? தன் குடிகள் என்று அவர் சொல்லிக்கொண்ட தீனியர்களுக்குத்தான். சொந்த நாடு, வென்ற நாடு என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிறோமே, செயுதஸின் சொந்த நாடே அவர் வெல்ல வேண்டிய நாடாக இருந்தது.

கிரேக்கத் தளபதிகளுக்கு அவர் கொடுத்த விருந்தை செனோபோன் விரிவாக எழுதியிருக்கிறார். வட்டமாக உட்கார்ந்த விருந்தினர் முன்னால் இறைச்சி குவித்த முக்காலிகள். இறைச்சியோடு குத்திவைத்த பெரிய ரொட்டிகள். செயுதஸ் தன் முன்னாலிருந்ததைத் துண்டுபோட்டு, தான் விரும்பியவர்களுக்கு வீசினார். தனக்கென்று ருசி பார்க்கும் அளவே வைத்துக்கொண்டார். பிறகு கொம்புக் கிண்ணங்களில் மது. அப்போது ஒரு திரேசியன் வெள்ளைக் குதிரையை நடத்திவந்து கொடுத்தான். இன்னொருவன் ஓர் அடிமைச் சிறுவனை, மற்றொருவன் அரசிக்குத் துணிகளை. திமாசியன் என்ற தளபதி ஒரு வெள்ளிக் கிண்ணத்தையும் பத்து மினா பெறும் விரிப்பையும் வைத்தார். இல்லாதவர்களுக்கு மன்னன் கொடுத்தால், தாமும் ஏதாவது கொடுத்துக் கௌரவிக்க முடியுமே என்று ஏதென்ஸ்காரர் ஒருவர் நாசூக்காக நழுவினார். செனோபோன் கையில் காசில்லை. தன்னையும் தன் தோழர்களையுமே காணிக்கையாகத் தருவதாக எழுந்து சொன்னார். விருந்துக்கு முன்பே மரோனியா நகரத்து ஹெராக்ளிடஸ் என்பவர் வாசலில் நின்று, யார் யாரிடம் என்ன இருக்கிறது என்று விசாரித்து, கொடுத்தால் என்ன பலன் என்று ஒவ்வொருவர் காதிலும் ஓதியிருந்தார். இந்த ஹெராக்ளிடஸ்தான் செயுதஸின் நிதியமைச்சர் என்று சொன்னால் தப்பில்லை. கொள்ளையடித்த மாடுகளையும் அடிமைகளையும் பெரிந்தஸ் சந்தையில் விற்றுச் சிப்பாய்ச் சம்பளத்துக்குப் பணம் திரட்டியவரும் அவரே.

விருந்துக்குப் பின்னால் நடந்ததைப் பாருங்கள். ஓரிரு நாளிலேயே செயுதஸ் ஊர்களை வீடு ஒன்றுகூட மிச்சமில்லாமல் எரித்தார். அடங்காதவர்களுக்கு என்ன கதி என்று மற்றவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்பதே நோக்கம். மது குடத்திலேயே உறையும் குளிர். கிரேக்கர் சிலருக்கு மூக்கும் காதும் கருகிப்போயின. அந்தக் குளிரில் வீடிழந்த தீனியர்கள் மலையேறினார்கள். சமாதானம் பேச வந்தவர்களைப் போல வந்து வீடுகளை நோட்டம்விட்டு, இரவில் திரும்பிவந்து தாக்கினார்கள். தோற்ற பிறகு அவர்களிடமிருந்து பணயக்கைதிகள் பிடிக்கப்பட்டனர். கிழவர்களை வீட்டில் விட்டு, வலுவுள்ளவர்களைப் பணயமாக வாங்கும்படி யோசனை சொன்னவர் செனோபோன். செயுதஸ் ஜெயிக்கிறார் என்று செய்தி பரவியதும் உள்நாட்டிலிருந்து ஓட்ரீசியர்கள் இறங்கி வந்து சேர்ந்துகொண்டார்கள். அவர் படை கிரேக்கப் படையைவிடப் பெரிதானது. சம்பளப் பாக்கி மட்டும் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் கைக்கு வந்தது ஒரு தாலந்து பணம், 600 மாடு, 4,000 ஆடு, 120 அடிமைகள். பாக்கியைக் கேட்கும்போது செனோபோன் வைத்த வாதம்தான் இந்த ஆட்சிமுறை பற்றிய மிகக் கூர்மையான விமர்சனம்: உன் குடிகள் அன்பினால் அடங்கவில்லை, பயத்தினால் அடங்குகிறார்கள், சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவன் என்று பெயர் எடுத்தால் அந்தப் பயமும் போய்விடும்.

மன்னன் கை எட்டாத இடங்களில் மக்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்டார்கள். கருங்கடல் கரையில் சால்மிடெசஸ் என்ற இடத்தில் கப்பல்கள் அடிக்கடி தரைதட்டும். முன்பு அந்தச் சரக்குக்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட திரேசியர்கள், கரையில் கல்நட்டு எல்லை பிரித்து, அவரவர் எல்லைக்குள் ஒதுங்கியது அவரவருக்கு என்று வைத்துக்கொண்டார்கள். கட்டில், பெட்டி, எழுதிய ஏடுகள் எல்லாம் அங்கே கிடந்தனவாம். கொள்ளையிலும் ஒரு சட்டம்! இன்னொரு கதையைப் பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் பாலியேனஸ் சொல்கிறார். கெப்ரேனியர், சைக்கைபோயர் என்ற இரண்டு குலங்களில் ஹீரா தெய்வத்தின் பூசாரியே தலைவன். கொசிங்காஸ் என்ற பூசாரியின் சொல்லை மக்கள் கேட்கவில்லை. அவர் நீண்ட ஏணிகளை ஒன்றோடொன்று கட்டச் சொல்லி, இப்படியே வானத்துக்கு ஏறி ஹீராவிடம் உங்களைப் பற்றிப் புகார் செய்யப்போகிறேன் என்றதும், எல்லோரும் பணிந்து சத்தியம் செய்தார்களாம். திரேசியரின் மடமையைக் காட்டவே பாலியேனஸ் இதைச் சொல்கிறார். எனக்கு இதில் தெரிவது வேறு. அந்தத் தலைவனிடம் சிறைச்சாலையும் இல்லை, காவற்படையும் இல்லை. ஏணி மட்டும்தான் இருந்தது.

கிரேக்கர்களிடம் மன்னர்கள் நடந்துகொண்ட விதமே வேறு. 1990-இல் பல்கேரியாவின் வெத்ரென் ஊருக்கருகே ஒரு கல்வெட்டு கிடைத்தது. மரீத்சா ஆற்றின் மேற்பகுதியில், கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, பிஸ்டிரஸ் என்ற வணிகத்தலம் இருந்திருக்கிறது. கி.மு. 360-க்குப் பின் கோட்டிஸ் மன்னரின் வாரிசு ஒருவர் அங்கிருந்த வணிகர்களுக்கு டயோனிசஸ் மீது ஆணையிட்டுக் கொடுத்த உறுதிமொழி அது. கிட்டத்தட்ட எல்லா வரியும் 'செய்ய மாட்டேன்' என்றே போகிறது. வணிகர்களுக்கு வரவேண்டிய கடனைத் தள்ளுபடி செய்ய மாட்டேன். அவர்கள் நிலத்தையும் மேய்ச்சலையும் பிடுங்க மாட்டேன். காவற்படை வைக்க மாட்டேன், வேறு யாரையும் வைக்கவிட மாட்டேன். மரோனியாவுக்குப் போகும் சரக்குக்கும் அங்கிருந்து வரும் சரக்குக்கும் வழியில் சுங்கம் வாங்க மாட்டேன். மரோனியாக்காரனைக் கட்டிப்போட மாட்டேன், கொல்ல மாட்டேன், அவன் உயிரோடிருந்தாலும் இறந்தாலும் அவன் பொருளை எடுக்க மாட்டேன். நானும் செய்ய மாட்டேன், என் ஆட்களும் செய்ய மாட்டார்கள். அப்பொல்லோனியர்களுக்கும் தாசோஸ்காரர்களுக்கும் அதே பாதுகாப்பு.

இந்தக் கல்லை வணிகச் சுதந்திரத்தின் சாசனமாகப் படிப்பவர்கள் உண்டு. நான் அதைத் தலைகீழாகப் படிக்கிறேன். ஒருவன் செய்ய மாட்டேன் என்று தெய்வத்தின் மேல் சத்தியம் செய்து கல்லில் வெட்டித் தருகிறான் என்றால், அதுவரை அதெல்லாம் வழக்கமாக நடந்துவந்தது என்று பொருள். பிஸ்டிரஸுக்கு வெளியே, சத்தியம் பெறாத திரேசிய ஊரில், கடன் தள்ளுபடியும் நிலப் பறிமுதலும் வழிச்சுங்கமும் கொலையும் மன்னனுக்கும் அவன் ஆட்களுக்கும் கைவந்த கலை. அந்நியனுக்குக் கல்லில் எழுதிய ஒப்பந்தம், சொந்த இனத்தானுக்குத் தீ. காரணமும் கண்ணுக்குத் தெரிகிறது: வணிகன் கோபித்துக்கொண்டு போனால் வெள்ளியும் கூடவே போய்விடும், தீனியன் எங்கே போவான்? சந்தைகளின் வருமானம் எவ்வளவு என்பதற்கு டெமொஸ்தனிஸ் சாட்சி. கெர்சோப்லெப்டஸ் மன்னருக்கு வணிகத்தலங்களிலிருந்து ஆண்டுக்கு 200 தாலந்துக்கு மேல் வந்தது என்று கி.மு. 352-இல் அவர் ஏதென்ஸ் வழக்குமன்ற உரையொன்றில் சொல்கிறார். கடற்கரைக் கிரேக்க நகரங்களின் பாடு இடையில் மாட்டிக்கொண்ட பாடு. கி.மு. 357-இல் ஏதென்ஸும் மூன்று திரேசிய மன்னர்களும் செய்த உடன்படிக்கையில், அந்த நகரங்கள் மன்னர்களுக்குப் பழைய திறையையும் ஏதென்ஸுக்குக் கூட்டணிப் பங்கையும் கட்டிவிட்டால் சுதந்திரமாக இருக்கலாம் என்று வருகிறது. இரண்டு இடத்திலும் வரி கட்டுவதுதான் அந்தச் சுதந்திரம்.

காணிக்கைப் பொருளின் உருவமே நம் கைக்குக் கிடைத்திருக்கிறது. 1985-இல் வடமேற்கு பல்கேரியாவின் ரோகோசென் கிராமத்தில் ஒருவர் தோட்டத்தில் பள்ளம் தோண்டியபோது வெளிவந்த புதையலில் 165 வெள்ளிப் பாத்திரங்கள்: 108 தட்டைக் கிண்ணங்கள், 54 குடுவைகள், 3 கோப்பைகள். சிலவற்றின் மேல் கிரேக்க எழுத்தில் கோட்டிஸ், கெர்சோப்லெப்டஸ் பெயர்களும், பேயோஸ், அப்ரோஸ், எர்கிஸ்கே போன்ற ஊர்ப்பெயர்களும் புள்ளி குத்திப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஊர்கள் தென்கிழக்கில், மர்மரா கடல் பக்கம். பாத்திரங்கள் கிடைத்ததோ பல நூறு கிலோமீட்டர் தள்ளி, ஓட்ரீசியரின் பரம எதிரிகளான டிரிபல்லியர் மண்ணில். ஊர் கொடுத்த காணிக்கையை மன்னன் மறுபடி பரிசாகக் கொடுத்தாரா, டிரிபல்லியர் கொள்ளையடித்தார்களா என்பதில் கட்சி பிரிந்திருக்கிறது. எப்படியானாலும், எந்தக் கிண்ணம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று குறித்து வைத்திருக்கிறார்கள் என்பதே முக்கியம். கோட்டிஸ் தன் நாடெங்கும் சுற்றி, மரநிழலும் நீரும் உள்ள இடங்களைப் பார்த்து விருந்துக் கூடங்களாக்கி, வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் அங்கே போய்ப் பலியிட்டு மகிழ்ந்தார் என்று ஒரு பழைய குறிப்பு அவரை உல்லாசியாகக் காட்டுகிறது. உல்லாசமும் இருந்திருக்கலாம். தலைநகரில் உட்கார்ந்து வரி வாங்க வழியில்லாதபோது மன்னன்தான் ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட வேண்டும். கிண்ணத்து ஊர்ப்பெயர்கள் அந்தப் பயணத்தின் மைல்கற்களாகவும் இருக்கலாம்.

இத்தகைய ஆட்சி ஓர் ஆளின் முகத்தைச் சார்ந்தது. ஆள் போனால் கணக்கும் போயிற்று. கி.மு. 360 வாக்கில் கோட்டிஸை ஏனோஸ் நகரத்துச் சகோதரர்கள் பைத்தனும் ஹெராக்ளிடஸும் கொன்றார்கள். அவர் பெற்ற ஏதென்ஸ் குடியுரிமையையும் பொன்மகுடத்தையும் அதே ஏதென்ஸ் கொலையாளிகளுக்கும் கொடுத்தது. நாடு கெர்சோப்லெப்டஸ், அமடோக்கஸ், பெரிசதஸ் என்ற மூவரிடையே உடைந்தது. ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு கிரேக்கக் கூலித்தளபதி மாப்பிள்ளையாகவோ மைத்துனனாகவோ நின்றார். கி.மு. 342-340-இல் மக்கெதோனியாவின் இரண்டாம் பிலிப்பு எஞ்சியிருந்த மன்னர்களையும் வென்று, நகரங்கள் அமைத்துக் குடியேற்றவாசிகளை உட்காரவைத்தார்.

மக்கெதோனியர் பாடத்தைத் திரேசியரும் கற்றுக்கொண்டார்கள். அலெக்சாண்டருக்குப் பிந்தைய குழப்பத்தில் மூன்றாம் செயுதஸ் தன் பெயரிலேயே செயுதோபொலிஸ் என்ற நகரைக் கட்டினார். நேர்வீதிகளும் மதிலும் கொண்ட அந்த நகரம் 1948 முதல் 1954 வரை தோண்டி எடுக்கப்பட்டு, இப்போது கோப்ரிங்கா அணையின் நீருக்கடியில் கிடக்கிறது. அங்கே கிடைத்த கல்வெட்டில் அரசி பெரெனிக்கேயும் மகன்களும், எபிமெனஸ் என்பவரைக் காபிலே நகரத் தலைவன் ஸ்பார்டோக்கஸிடம் ஒப்படைப்பதாகவும், அவர் உயிருக்கும் உடைமைக்கும் தீங்கு வராது என்றும் சத்தியம் செய்கிறார்கள். ஊர் கிரேக்க பாணிக்கு மாறியபின்னும் ஆட்சியின் கருவி சத்தியமாகவே இருந்தது.

ரோமர் காலத்தில்தான் இந்த முறை வேறொன்றோடு நேருக்கு நேர் மோதியது. அகஸ்டஸ் காலத்திலிருந்து திரேசிய மன்னர்கள் ரோமின் சார்பரசர்கள். கி.பி. 26-இல் மலைக்குலங்கள் கலகம் செய்தன. தங்கள் இளைஞர்களைப் பிரித்து, வேற்று இனத்தாரோடு கலந்து, தூரதேசங்களுக்கு இழுத்துச் செல்லப்போகிறார்கள் என்ற வதந்தியும் ஒரு காரணம் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். அதுவரை அவர்கள் துணைப்படை அனுப்பினாலும் தங்கள் தலைவர்களின் கீழ்தான் அனுப்புவார்கள். அண்டை நாட்டோடு மட்டுமே போரிடுவார்கள். சொந்த மன்னர்களுக்குக்கூட மனம்போனபடிதான் கீழ்ப்படிந்தவர்கள் என்று டாசிட்டஸ் சலித்துக்கொள்கிறார். படையாள் சேர்ப்புக்கு ஒரு பட்டியல் போட்டதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. மன்னனுக்குக் குதிரை கொடுக்கத் தயங்காதவன், ஏட்டில் பெயர் எழுதப்படுவதற்கு எதிராகக் கோட்டையில் பட்டினி கிடந்தான்.

கி.பி. 46-இல் கிளாடியஸ் திரேஸை ரோம மாகாணமாக்கினார். நாடு 'ஸ்ட்ராட்டெகியா' என்ற வட்டாரங்களாகப் பிரிந்திருந்தது. அவை குல எல்லைகளை ஒட்டியவை. மூத்த பிளினி கணக்கில் அவை 50, தாலமி கணக்கில் 14. அவற்றை ஆண்டவர்களில் பலர் கிளாடியஸ் என்ற ரோமப் பெயரைச் சூடிக்கொண்ட திரேசியப் பிரபுக்கள். டிராஜன் காலத்தில் நகரங்களும் அவற்றின் நிலவட்டங்களும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. வரி அதன்பின் ஆளைப் பார்த்து அல்ல, பதிவேட்டைப் பார்த்து வாங்கப்பட்டது.